நாடி சொல்லாத கதை

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறார். நாடி தட்டுப்படவில்லை. ரத்த அழுத்தம் இடது கையில் ஓர் அளவு, வலது கையில் வேறு. எதிரே உட்கார்ந்திருப்பதோ சாதாரணமாக நடந்து வந்த ஓர் இளம்பெண். தகாயாசு ஆர்ட்டிரைட்டிஸ் பல சமயம் இப்படித்தான் பிடிபடுகிறது. மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து, உள்வழி சுருங்கும் நோய். 1908ல் இதை விவரித்த மிகிடோ தகாயாசு ஜப்பானியக் கண் மருத்துவர். இந்தியாவில் சிறுநீரகத் தமனி பாதிக்கப்படுவது அதிகம் என்பதால், பலருக்கு உயர் ரத்த அழுத்தமே முதல் தடயம்.

சங்கடமான கேள்வி அதற்குப் பிறகுதான்: நோய் இப்போது கனன்றுகொண்டிருக்கிறதா, அடங்கிவிட்டதா? அடங்கியதை அடங்கவில்லை என்று நினைத்தால் வீணாக ஸ்டீராய்டு. கூடவே சர்க்கரை, எலும்புத் தேய்வு. மாற்றி நினைத்தால் இன்னொரு குழாய் அடைபடலாம்.

ரத்தப் பரிசோதனை முழுதாகக் கைகொடுப்பதில்லை. ஈ.எஸ்.ஆர். சரியாக இருக்கும்போதே தமனி சுருங்கிக்கொண்டிருக்கலாம். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் 1994ல் வெளியிட்ட ஆய்வில், நோய் அடங்கியதாகக் கருதப்பட்ட சிலரின் தமனித் துண்டுகளிலும் அழற்சி இருந்தது. டோசிலிசுமாப் ஊசி போட்டவர்களுக்கோ சிக்கல் இன்னும் அதிகம். அந்த மருந்தே சி.ஆர்.பி. அளவை இறக்கிவிடும்.

இந்த இடத்தில்தான் இந்திய டாக்டர்கள் உருப்படியான ஒரு காரியம் செய்தார்கள். லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவக் கழகத்தின் ராம்நாத் மிஸ்ரா, வேலூர் சி.எம்.சி.யின் தேபாஷிஷ் தண்டா, பர்மிங்ஹாமின் பால் பேக்கன் உள்ளிட்டோர் உருவாக்கிய மதிப்பெண் முறை 'ஐடாஸ் 2010'. 2013ல் வெளியானது. மொத்தம் 44 அம்சங்கள். அதில் 33 இதயம், ரத்தக்குழாய் தொடர்பானவை. ஏழு முக்கிய அம்சங்களுக்குத் தலா 2 மதிப்பெண், மற்றவற்றுக்கு 1.

சூட்சுமம் ஒரே விதியில் இருக்கிறது. கடந்த மூன்று மாதங்களில் புதிதாக வந்தது அல்லது மோசமானது மட்டுமே கணக்கில் சேரும். ஐந்து வருடமாக இல்லாத நாடிக்கு மதிப்பெண் கிடையாது; அது பழைய தழும்பு. போன மாதம் மறைந்த நாடிக்கு உண்டு. பெட் ஸ்கேன் எட்டாத ஊரிலும் ஸ்டெதாஸ்கோப்பையும் ரத்த அழுத்தக் கருவியையும் வைத்தே போட்டுவிடலாம். ஓசையின்றி முன்னேறும் நோய் இதிலும் தப்பலாம். ஆகவே அவ்வப்போது ஆஞ்சியோகிராமும் தேவை.

ஆனால், போன முறை எந்த நாடி இருந்தது, எந்தக் கையில் அழுத்தம் எவ்வளவு என்று யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். ஊர் மாறி, டாக்டர் மாறி வரும் பெண்ணின் கைப்பையில் பல சமயம் இருப்பது கசங்கிய மருந்துச் சீட்டு மட்டுமே.