செபமாலை: எழுத்தறியாதவர்களின் செபப் புத்தகம்

பொழுதுபட்டு அரிக்கன் லாம்பு ஏற்றியதும் எங்கள் வீட்டில் பாய் விரிக்கப்படும். அம்மம்மா சுவரோடு சாய்ந்து அமர்ந்து ஐம்பத்து மூன்று மணிச் செபத்தைத் தொடங்குவார். முதற் பத்து அவருடையது. இரண்டாவது ஐயா, மூன்றாவது அம்மா, நாலாவது அண்ணன், ஐந்தாவது கடைக்குட்டியான எனக்கு. அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சங்கக் கடையிலும் சரி, விதானையார் வீட்டிலும் சரி, பெருவிரல் அடையாளந்தான். ஆனால் திங்கட்கிழமை சந்தோஷம், செவ்வாய் துக்கம், புதன் மகிமை என்று பதினைந்து தேவ இரகசியங்களையும் ஒழுங்கு பிசகாமல் சொல்லுவார். நான் இடையில் ஒரு மங்கள வார்த்தையை விழுங்கிவிட்டால் கண்ணைத் திறவாமலே, "இன்னும் ஒண்டு கிடக்கு மோனை" என்பார்.

செபமாலை பிறந்ததே இப்படியானவர்களுக்காகத்தான் என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது அம்மம்மாவின் முகந்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஐரோப்பியத் துறவு மடங்களிலே துறவிகள் 150 சங்கீதங்களையும் இலத்தீனில் பாடிச் செபித்தார்கள். வயலிலும் தொழுவத்திலும் வேலை செய்த எழுத்தறியாத மக்களுக்கு அது எட்டாக்கனி. அவர்கள் சங்கீதங்களுக்குப் பதிலாகப் பரலோக மந்திரத்தைச் சொல்லி, எண்ணிக்கை தவறாதிருக்க முடிச்சிட்ட கயிற்றையும் கோத்த மணிகளையும் பயன்படுத்தினார்கள். பின்னர் மங்கள வார்த்தை அந்த இடத்தைப் பிடித்தது. புனித சாமிநாதருக்குத் தேவமாதாவே செபமாலையைக் கையளித்தார் என்பது நெடுங்கால மரபு. வரலாற்றாசிரியர்கள் அதற்குச் சான்று காணவில்லை. இதனால் எவருடைய விசுவாசமும் குறைந்துவிடப் போவதில்லை. பல தலைமுறைகளாக, பெயர் தெரியாத பல கைகளிலே மெல்ல மெல்ல உருவான செபம் இது என்பதும் ஒரு பெருமைதானே. 1569ஆம் ஆண்டில் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் அதற்கு நிலையான வடிவம் கொடுத்தார். 2002 ஒக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தைச் சேர்த்தார். அதனால் பதினைந்து இருபதாயிற்று. வியாழக்கிழமைக்கும் புதிய பங்கு கிடைத்தது. அம்மம்மா இருந்திருந்தால் அந்த ஐந்தையும் ஒரு கிழமையில் பாடமாக்கியிருப்பார்.

எமது மண்ணில் செபமாலைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயங்கள் கைமாறின. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இங்கு வந்து சேர்ந்தபோது யார் கத்தோலிக்கர், யார் காட்டிக்கொடுப்பவர் என்று அவருக்குத் தெரியாது. வாய் திறந்து கேட்கவும் வழியில்லை. அவர் செய்தது இதுதான்: கழுத்திலே செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு முகம் மாறியவர்களைக் கவனித்தார். அப்படித்தான் ஒளிந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்து, சில்லாலையில் இரகசியமாகத் தங்கிப் பணியாற்றினார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது எத்தனை பேர் அந்தப் பிச்சைக்காரக் கோலத்தை எண்ணிப் பார்த்தார்களோ தெரியாது.

இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்பும் அந்த மாலையை அடையாளங்காண மனிதர் இருந்தார்கள் என்பதே எனக்கு வியப்பு. குருவானவர் இல்லாமல் திருப்பலி இல்லை. செபமாலைக்கோ குரு வேண்டாம், கோவில் வேண்டாம், புத்தகம் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

மாலைகூட வேண்டாம் என்பதை 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு கண்டேன். வலிகாமம் முழுவதுமே வீதியில் நின்றது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தோம். எனக்கு முன்னே சைக்கிளில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண், கைப்பிடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிச் செபமாலை சொல்லிக்கொண்டு போனார். பக்கத்தில் வந்தவர்கள் மறுபாதியைச் சொன்னார்கள். அன்று திங்கட்கிழமை; சந்தோஷ தேவ இரகசியங்கள். மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பிறந்ததைத் தியானிக்கும்போது எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன பயன் என்று பிற சபைச் சகோதரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீண் வார்த்தைகளை அடுக்கவேண்டாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆயினும் கெத்சமனித் தோட்டத்தில் அவரே மூன்று முறை அதே வார்த்தைகளால் செபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். 136ஆம் சங்கீதத்தில் ஒரே பல்லவி 26 தடவை வருகிறது. மங்கள வார்த்தையின் முற்பாதி சம்மனசும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்து. அதன் நடுவே நிற்பது இயேசுவின் நாமம். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, மனம் அவருடைய வாழ்வில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இந்தத் தியானம் இல்லாவிட்டால் செபமாலை உயிரற்ற உடலாகிவிடும் என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1974இலேயே எச்சரித்தார். எமது செபமாலைகள் பல அப்படித்தான் ஆகிவிட்டன. பன்னிரண்டு நிமிடத்தில் ஐந்து பத்தும் முடிகின்றன. ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்குகிறார். தொலைக்காட்சி நாடகத்துக்கு நேரமாகிவிட்டதாம்!

ஆனால் அதைவிடப் பெரிய குறையொன்றை என் அனுபவத்திலிருந்து சொல்லவேண்டும். ஒக்டோபர் மாதத்தில் எமது ஊரில் மாதா சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்கு எடுத்துச் சென்று செபமாலை சொல்வது வழக்கம். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்குப் போனோம். அன்று எலிசபெத்தம்மாளை மரியன்னை சந்தித்த தேவ இரகசியத்தை நான்தான் சொன்னேன். பசித்தோர் நிறைவடைவதையும் வலியோர் சரிவதையும் மாதா பாடியதாகவும் விளக்கினேன். செபம் முடிந்ததும் வழக்கமாகத் தேநீர் வரும். அன்று வரவில்லை. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்காமல் அடுத்த நாள் யார் வீடு என்று பேசிக்கொண்டு எழுந்து வந்துவிட்டோம்.

மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு அக்கா மட்டும் பின்தங்கி நின்று அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு இரண்டு நாட்களாக மூட்டப்படவில்லை. கிழமைக் கிழமை கட்டவேண்டிய நுண்கடனுக்கு வீட்டில் இருந்த காசெல்லாம் போய்விட்டது. மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். மரியன்னை மலைநாட்டுக்கு விரைந்து போனார் என்று நான் சொன்னேன். விரைந்து போனவர் அந்த அக்காதான்.

அன்றிரவே அவர் தன் வீட்டு அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கம் கூடியபோது அதே நிலையில் இன்னும் மூன்று வீடுகள் இருப்பது தெரியவந்தது. பிடியரிசிப் பெட்டியும் சிறு சேமிப்பும் அப்படித்தான் தொடங்கின. கடன் முழுவதும் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். ஒரு குடும்பம் காணியை ஈடுவைத்து இன்னும் மீட்கவில்லை. அந்தப் பெண்பிள்ளை மட்டும் மறுபடி பள்ளிக்கூடம் போய்ச் சாதாரண தரம் எழுதினாள்.

இப்போது ஒக்டோபரில் சுரூபத்துக்கு முன்னால் பூத்தட்டோடு ஒரு அரிசிப் பெட்டியும் போகிறது. ஐந்தாவது பத்து முடிந்ததும் உடனே எழும்புவதில்லை. வீட்டுக்காரரோடு அரைமணி நேரம் இருந்து கதைக்கிறோம். தேநீர் வந்தால் குடிக்கிறோம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறோம்.