கொலை முயற்சி என்பது யாது?

விடுதியில் இருவர் கைகலந்துவிட்டால் போதும், "முந்நூற்றேழு போட்டுவிடுவார்கள்" என்ற பேச்சு மறுநாளே கிளம்பிவிடுகிறது. நான் சட்டம் பயில்பவன் என்பதால் நண்பர்கள் பலர் என்னிடம் விளக்கம் கேட்கின்றனர். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முந்நூற்றேழு என்பது 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதா அதன் இடத்தைப் பெற்றது. அதில் இக்குற்றம் 109-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர, அடிப்படைப் பொருள் மாறவில்லை. 'இச்செயலால் ஒருவர் இறந்திருந்தால் அது கொலையாகும்' என்று சொல்லத்தக்க எண்ணத்தோடோ அறிவோடோ ஒரு செயலைச் செய்வதே கொலை முயற்சி. தண்டனை பத்தாண்டுச் சிறை வரை. காயம் விளைந்திருந்தால் ஆயுள் சிறை வரையிலும் போகும்.

ஆகவே கேள்விகள் இரண்டு. கை எதுவரை சென்றது? மனத்தில் என்ன இருந்தது?

முதற் கேள்விக்குச் சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. கொல்ல எண்ணித் துப்பாக்கி வாங்கித் தோட்டாவும் அடைத்தவன் இன்னும் இக்குற்றத்தைச் செய்துவிடவில்லை. சுட்ட கணமே குற்றவாளியாகிறான். குறி தவறினாலும் தப்ப முடியாது. நஞ்சை உணவில் கலந்து தன்னிடமே வைத்திருப்பவனும் அப்படித்தான். அதை மற்றவனுடைய மேசையில் வைத்ததும் குற்றம் நிறைவு பெறுகிறது. எனினும், கடைசிச் செயல் வரை சென்றாக வேண்டும் என்பதில்லை. மனைவியை அடைத்து வைத்துச் சிறிது சிறிதாகப் பட்டினி போட்ட ஒருவனுடைய வழக்கில், அவள் தப்பிப் பிழைத்தபோதும் அது கொலை முயற்சியே என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது.

இரண்டாம் கேள்விக்குத் தலைநகரிலேயே பெரிய சான்று உண்டு. 1929 ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டசபையில் பகத்சிங்கும் படுகேசுவர தத்தும் குண்டு வீசினர். சிலர் காயமுற்றனர், எவரும் இறக்கவில்லை. இருவரும் ஓடவில்லை, தாமே கைதாயினர். 'ஆள் இல்லாத இடம் பார்த்தே எறிந்தோம். கொல்வது எங்கள் நோக்கமன்று' என்பது அவர்கள் வாதம். தில்லி செஷன்ஸ் நீதிபதி அதனை ஏற்கவில்லை. 307-ஆம் பிரிவின் கீழும் வெடிபொருள் சட்டத்தின் கீழும் ஜூன் 12 அன்று இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதித்தார். பகத்சிங் 1931-இல் தூக்கிலேறியது லாகூரில் நடந்த வேறொரு கொலை வழக்கில் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

தமிழகத்தார் நன்கறிந்த வழக்கு எம். ஆர். இராதாவுடையது. 1967 ஜனவரி 12 அன்று எம். ஜி. ஆர். சுடப்பட்டார். குண்டு பாய்ந்தும் பிழைத்தார். இராதா தம்மையும் சுட்டுக்கொண்டதாக வழக்கு. கொலை முயற்சிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு அவர் சிறை சென்றார்.

மனத்தைத் திறந்து பார்க்கக் கருவி ஏது? நீதிமன்றம் வெளியடையாளங்களைத்தான் பார்க்கிறது: என்ன ஆயுதம், உடலில் எங்கே அடி, எத்தனை வேகம், முன்பகை உண்டா, என்ன சொற்கள் சொல்லப்பட்டன. காயம் சிறிது என்பதாலேயே குற்றம் நீங்கிவிடாது. அதேபோல், இரத்தம் கண்டதாலேயே கொலை முயற்சி ஆகிவிடாது. சாதாரணக் காயம், கொடுங்காயம் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுப் பேச்சன்று. கொலை முயற்சி வழக்கு பதிவானால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. நீதிமன்றத்தின் மனம் இரங்கவேண்டும். விசாரணை செஷன்ஸ் நீதிமன்றத்தில். பின்னர் இருதரப்பும் கைகுலுக்கி ராஜியானாலும் அதனாலேயே வழக்கு முடிந்துவிடாது. இது தனிமனிதருக்கு எதிராக மட்டுமன்றிச் சமுதாயத்துக்கே எதிரான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியிருக்கிறது. பட்டம் பெறவேண்டிய ஆண்டுகள் நீதிமன்றத் தாழ்வாரத்தில் கழியும்.

ஆதலால் நண்பர்களே, சினத்தில் கையில் கிடைத்ததைத் தூக்குமுன் ஒரு கணம் எண்ணுங்கள். அதுபோலவே, சிறு சச்சரவுக்குப் புகார் எழுதும்போதும் 'கொல்ல வந்தான்' என்ற சொல்லை எளிதாக எழுதிவிடாதீர்கள். ஒருவன் உயிரைப் போல ஒருவன் வாழ்வும் விலைமதிப்பற்றதே.