உறங்கும் கணினியை எழுப்புதல்

தேர்வுக்கு முந்திய இரவில் மடிக்கணினியில் விண்டோஸ் எழ மறுத்தால், குறிப்புகளெல்லாம் போயினவே என்று கலங்குவோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாயில் அடைபட்டதனால் வீடு இடிந்துவிட்டதாகாது. வேறு வாயில் ஒன்று உண்டு.

விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையின் சிறு சில்லில் பதிந்துள்ள நிரலே. முன்னாளில் அதற்குப் பயாஸ் என்று பெயர், இந்நாளில் யூ.ஈ.எஃப்.ஐ. என்பர். அது உறுப்புகளைச் சோதித்தபின், இயங்குதளம் எங்கே உள்ளதென வரிசைப்படி தேடுகிறது. அவ்வரிசையில் பென்டிரைவை முன்னிறுத்தினால், கணினி அதிலிருந்தே எழும்.

வழி யாது? 16 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில், வேறொரு கணினியின் துணைகொண்டு, உபுண்டுவை ரூஃபஸ் என்னும் நிரலால் எழுதுங்கள். கோப்பை வெறுமனே படியெடுத்து வைத்தால் எழாது. எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்தவை அழியும் என்பதையும் மறவாதீர்கள். பின்னர் அதைச் செருகி, கணினியை முடுக்கியவுடன், டெல், லெனோவோ ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12 விசையையும், எச்.பி.யில் எஃப்9 விசையையும் தட்டுங்கள். தோன்றும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வரும் வினாவில்தான் விழிப்பு வேண்டும். ‘நிறுவுக’ என்பதைத் தேர்ந்து மேற்சென்றால் வட்டே அழிந்துபோகலாம். ‘முயன்று பார்க்க’ என்பதைத் தேர்ந்தால், உபுண்டு நினைவகத்தில் இயங்கும். வட்டு அப்படியே இருக்கும். கோப்புகளை மற்றொரு பென்டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புத் திறவுகோல் இன்றித் திறவாது. ஆதலின் அவ்வெண்ணை இன்றே தாளில் குறித்து வையுங்கள். பென்டிரைவையும் கணினி நலமாயிருக்கும்போதே ஆயத்தம் செய்யுங்கள்.