இன்னோவா என்றாலே போதுமா?

தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என ஏழு பேர் உள்ள திருச்சி தில்லை நகர்க் குடும்பம் ஒன்று, சமயபுரத்துக்கும் பழனிக்கும் ஒரே வண்டியில் போக நினைத்தால், பேச்சு கடைசியில் செகண்ட் ஹேண்ட் இன்னோவாவில்தான் வந்து நிற்கும். 2005-ல் குவாலிஸின் இடத்துக்கு வந்த இந்த வண்டி, டிராவல்ஸ்காரர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்தது உழைத்துத்தான். ஆனால் பழைய வண்டி வாங்குபவரைக் கவிழ்ப்பதும் அந்த நல்ல பெயர்தான். லேசில் படுத்துக்கொள்ளாத வண்டியை யாரும் லேசில் விடுவதில்லை. ஓட்டித் தீர்த்த பிறகும் அது பார்வைக்கு நன்றாகவே இருக்கும், விலையும் இறங்காது.

கணக்குப் போட்டால் விளங்கும். திருச்சியிலிருந்து சென்னைக்குச் சுமார் 330 கிலோமீட்டர். வாரம் மூன்று முறை போய்த் திரும்பும் வாடகை வண்டி ஓராண்டிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அப்படி ஐந்தாண்டு ஓடிய வண்டி, மீட்டரில் ஒன்றரை லட்சம் காட்டி விற்பனைக்கு வந்தால், நஷ்டம் விலையோடு நிற்காது. பழைய 2.5 லிட்டர் டீசல் என்ஜினில் டைமிங் பெல்ட்டைக் குறித்த தூரத்தில் மாற்றியாக வேண்டும். அது அறுந்தால் என்ஜினுக்குள் பெரிய சேதம். மீட்டரைக் குறைத்த வண்டியில் அந்தத் தூரம் எப்போது வந்து போனது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? இன்ஜெக்டர், கிளட்ச், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், பின் ஏசியின் கூலிங் காயில் என வழக்கமாகச் செலவு வைக்கும் மற்ற இடங்களும் ஓடிய தூரத்தையும் பராமரிப்பையும் பொறுத்தவையே. 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் டீசல் என்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் உண்டு. மற்ற தேய்மானங்களுக்கு அதுவும் விலக்கல்ல.

மஞ்சள் போர்டைத் தவிர்த்து வெள்ளை போர்டு வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். பாதிதான் சரி. வாடகை வண்டி எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்சி எனும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். சொந்த வண்டிக்கு 15 ஆண்டுவரை அப்படிப்பட்ட சோதனையே இல்லை. தவிர, நெடுஞ்சாலையில் சீராக ஓடும் டீசல் என்ஜினைவிட, வீட்டிலிருந்து பள்ளிக்கும் சாஸ்திரி ரோட்டுக்கும் சூடேறுவதற்குள் போய் நின்றுவிடும் என்ஜினில்தான் கரி அதிகம் சேரும். குறைந்த கிலோமீட்டர் மட்டுமே நற்சான்று ஆகாது.

இந்தத் தொல்லையே வேண்டாம், மாருதி ஈகோ போதும் என்பது இன்னொரு வாதம். எளிய பெட்ரோல் என்ஜின், குறைந்த செலவு, உண்மைதான். ஆனால் 2016-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத ஈகோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரான எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐ, ஸ்டியரிங் டை ராடில் குறை இருக்கலாம் என்று மாருதி திரும்ப அழைத்தது. ஒரே பெயர்தான், ஆனால் எந்த மாதம் தயாரானது, குறை சரிசெய்யப்பட்டதா என்பதில் வண்டிக்கு வண்டி கதை வேறு.

உதிரிபாகமும் மெக்கானிக்கும் எங்கும் கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்றும் கேட்கலாம். ரிப்பேர் செய்ய முடியும் என்பது வேறு, அந்தச் செலவை யார் ஏற்பது என்பது வேறு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்கலாம். எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை உண்டா என்பதை ஆர்சி விவரத்தில் பார்க்கலாம். என்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். பெயருக்காகக் கூடுதல் விலை கேட்பவர், அதற்கேற்ற சர்வீஸ் பதிவைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் பெல்ட், கிளட்ச், இன்ஜெக்டர் செலவை முழுதாகக் கழித்துக்கொண்டு விலை பேசுவதே நியாயம்.