வந்த நூலில் வளர்ந்த லூக்கா

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் மதில் சூழ்ந்த சிறு நகரம் லூக்கா. 13ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் பட்டு என்றாலே லூக்காதான். அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஜரிகை ஓடிய துணிகள் அங்கிருந்து போயின. இத்தனைக்கும் கச்சாப் பட்டில் பெரும்பகுதி அந்த மண்ணில் விளைந்ததல்ல. காஸ்பியன் கடலோரம், சிரியா, பிறகு சீனா என்று எங்கெங்கோ கிளம்பி, ஜெனோவா துறைமுகம் வழியாக வந்து சேர்ந்த சரக்கு அது.

பிறகு லூக்காவிடம் என்னதான் இருந்தது? முதலில், சாலை. வடக்கிலிருந்து ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதை இந்த ஊர் வழியே போனது. கூட்டம் வந்தது, கடைகள் பெருகின. காசு மாற்றுவோரும் நறுமணப்பொருள் வியாபாரிகளும் திருடவோ ஏமாற்றவோ மாட்டோம் என்று சத்தியம் செய்த 1111ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பேராலய முகப்பில் இன்றும் இருக்கிறது. சத்தியம் வாங்கும் அளவுக்கு நிலைமை இருந்திருக்கிறது!

அடுத்தது, முறுக்கு. கூட்டிலிருந்து இழுத்த பட்டிழையை அப்படியே பாவு ஓட்டினால் தறியில் அறுந்துபோகும். இழைகளைச் சேர்த்து முறுக்கேற்ற வேண்டும்; கையால் செய்தால் நாள் முழுக்க உழைத்தாலும் கொஞ்சம்தான் தேறும். லூக்காக்காரர்கள் இதற்கு ஒரு பெரிய வட்டச் சட்டம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் செங்குத்தாகக் கதிர்கள் வரிசை கட்டி நிற்கும். நடுவிலுள்ள கூண்டைச் சுழற்றினால் அத்தனை கதிர்களும் ஒன்றாக ஓடும்; முறுக்கேறிய நூல் மேலே சிட்டமாகச் சுற்றிக்கொள்ளும். ஊரின் செல்வமே இந்தச் சட்டத்தில்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பசை நீக்க, சாயம் போட, நெய்ய என்று வேலைக்கு வேலை தனி ஆட்கள். சாயக்காரர்களுக்கு 1255லேயே எழுதிவைத்த விதிமுறை இருந்தது. முதல் போட்டவர் வணிகர். நூலும் அவருடையது, துணியும் அவருடையது.

கெடுத்தது அரசியல். 1314இல் பீசாவின் தலைவர் உகுச்சோனே தெல்லா ஃபஜ்ஜுவோலா ஊரைப் பிடித்துச் சூறையாடினார். சான் ஃப்ரெடியானோ தேவாலயத்தில் பத்திரமாக வைத்திருந்த போப்பின் செல்வம்கூடத் தப்பவில்லை. தோற்ற கட்சி வணிகர்களும் கைவினைஞர்களும் வெனிஸ், ஃபுளோரன்ஸ், ஜெனோவா, பொலோஞ்ஞா என்று சிதறினார்கள். எதிரி கொண்டுபோன பொன்னைவிட இவர்கள் கையோடு கொண்டுபோன தொழில்தான் பெரிய நஷ்டம். லூக்காவில் கையால் சுற்றிய சட்டத்தைப் பொலோஞ்ஞா கால்வாய்த் தண்ணீரால் ஓட்டியது. 1341இல் அங்கே அப்படி ஓர் ஆலை கட்ட அனுமதி வாங்கியவரும் லூக்கா வழிவந்தவரே.

லூக்கா அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் பட்டு நெய்தது. ஆனால் பழைய தனி ஆதிக்கம் திரும்பவே இல்லை.