எஞ்சினின் மூச்சும் ஐதரசன் பெட்டியும்

செங்கலடியிலிருந்து பதுளை வீதி வழியே மேற்கே செல்வோர் கரடியனாற்றை அடையுமுன்னரே உழவு யந்திரங்களின் ஓசையைக் கேட்பர். 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் அருகியபோது அவ்வோசை அடங்கிப்போயிற்று. அந்த நினைவு இன்னும் மாறாத எம் பழைய மாணவர் ஒருவர், அங்கே வேளாண்மை செய்பவர், அண்மையில் எம்மிடம் வந்தார்.

“தண்ணீரைப் பிரித்து ஐதரசனாக்கி எஞ்சினுக்கு ஊட்டும் பெட்டியொன்று விலைக்கு வந்திருக்கிறது, சேர். டீசல் பாதியாகக் குறையுமாம். நெல் விற்ற காசு கையில் இருக்கிறது; வாங்கலாமோ?” என்றார்.

“உமது எஞ்சின் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறது?” என்று கேட்டோம். அவர் விழித்தார். விடை அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது.

ஒரு கிலோகிராம் டீசல் முற்றாக எரிய ஏறத்தாழ 14½ கிலோகிராம் காற்று வேண்டும். ஐதரசனுக்கோ கிலோகிராமுக்கு 34 கிலோகிராம் வேண்டும். இதைக் கண்டு மலைத்தல் வேண்டா. நிறைக்கு நிறை, டீசலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தருவது ஐதரசன். ஆகவே, ஒரே அளவு வெப்பத்துக்கு அது கேட்கும் காற்று சற்றுக் குறைவே. ஆனால் மிக இலேசான வாயுவாதலால் அது பெரும் இடத்தை அடைக்கும்; காற்றோடு கலந்து உட்புகுந்தால் காற்றுக்குரிய இடத்தையே பிடித்துக்கொள்ளும்.

இனி எஞ்சின்களின் மூச்சைக் கவனிப்போம். உழவு யந்திரத்தில் உள்ளது நாலடிப்பு எஞ்சின். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது காற்றை இழுக்கும். அதன் கொள்ளளவு 600 கன சென்ரிமீற்றர் என்றும், நிமிடத்துக்கு 2000 சுற்று என்றும் கொண்டால், ஆயிரம் முறை மூச்சிழுத்து 600 லீற்றர் பெறவேண்டும். வழித்தடைகள் போக ஏறத்தாழ 500 லீற்றர் கிடைக்கும்.

ஈரடிப்பு எஞ்சினோ ஒவ்வொரு சுற்றிலும் எரிப்பது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து 1954 இல் முதன்முதல் வந்த எம்2 புகையிரத எஞ்சின்கள் இவ்வகையின. பன்னிரண்டு உருளைகள், ஒவ்வொன்றும் 9.3 லீற்றர். நிமிடத்துக்கு 835 சுற்றில், உருளைகளை நிரப்பவே ஏறக்குறைய 93,000 லீற்றர் காற்று வேண்டும். அதே அளவான நாலடிப்பு எஞ்சினுக்கு இதிற் பாதி போதும். ஈரடிப்பில் உறிஞ்சும் அடிப்பு தனியே இல்லாமையால், ஊதுகருவியே காற்றைத் தள்ளிப் பழைய புகையை வெளியேற்றுகிறது. அவ்வேளை காற்று வழியும் புகை வழியும் ஒருங்கே திறந்திருக்கும். காற்றோடு ஐதரசனைக் கலந்தால், ஒரு பங்கு எரியாமலே வெளியேறிவிடும். எனவே ஈரடிப்புக்கு, புகை வழி மூடியபின் உருளைக்குள் நேரே செலுத்துவதே தக்க முறை. 2024 இல் ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் பெரிய ஈரடிப்புக் கப்பல் எஞ்சினில் ஐதரசனை எரித்துக் காட்டியபோது, உயர் அமுக்கத்தில் நேரே செலுத்தும் முறையையே கையாண்டது.

மாணவரின் பெட்டிக்குத் திரும்புவோம். அது நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வாயு தருமாம். அதில் ஐதரசன் மூன்றில் இரண்டு பங்கே, எஞ்சியது ஒட்சிசன். 500 லீற்றர் காற்றிலே அது எம்மாத்திரம்! ஒரு மணிநேரம் முழுவதும் சேர்ந்த ஐதரசனின் வெப்பம் ஏறத்தாழ 12 மில்லிலீற்றர் டீசலுக்குச் சமம். இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல். நீரைப் பிரிக்கும் மின்சாரத்தை அதே எஞ்சின் உண்டாக்க வேண்டுமாயின், அதற்குச் செலவாகும் டீசல் இதைப்போற் பன்மடங்கு.

ஐதரசனே பயனற்றது என்பதன்று நம் கருத்து. வெளியிலிருந்து போதிய அளவில் அளந்து செலுத்தினால் டீசலின் ஒரு பங்கை அது ஈடுசெய்யும், கரும்புகையும் குறையும். சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் இத்தகைய பரிசோதனைகள் நடந்துள்ளன. ஆயினும் காற்றில் நூற்றுக்கு 4 முதல் 75 பங்கு வரை தீப்பற்றவல்ல வாயுவைக் கொட்டிலில் வைத்துப் பழகுதல் விளையாட்டன்று.

கணக்கை எழுதிக் காட்டியதும் மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “காற்று வடிகட்டியைக் கழுவிப் பல மாதம் ஆயிற்று, சேர்” என்றார்.

“முதலில் அதைச் செய்யும்” என்றோம். மூச்சு அடைபட்ட எஞ்சினுக்கு ஊட்டும் டீசல் கரும்புகையாகவே வீணாகும். நெல் விற்ற காசு கையிலேயே இருக்கட்டும்.