தண்ணீர் இல்லாத அருவி

குறுகலான ஒரு மலையிடுக்கின் வழியே நடந்து செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். காலடியில் சரளைக் கற்கள். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். திடீரென்று வழி அடைபட்டுப் போகிறது. எதிரே ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திற்கு ஒரு பாறை மேடை. அதன் முகப்பு, அம்மிக்கல் தேய்ந்தாற்போல வழவழவென்று இருக்கிறது. அருவிக்கு உரிய அடையாளங்கள் யாவும் இருக்கின்றன, தண்ணீர் ஒன்றைத் தவிர.

இந்த உலர் அருவி இருப்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 'மரணப் பள்ளத்தாக்கு' எனப்படும் டெத் வேலியில். மொசைக் கேன்யன் என்னும் இடுக்கின் கோடியில் இதைக் காணலாம். போய்வர ஆறரை கிலோமீட்டர், அரைநாள் நடை. பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்திற்கும் 86 மீட்டர் கீழே உள்ளது. ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்தான். மேற்கே உள்ள சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்கள் கடற்காற்றின் ஈரத்தை முன்னதாகவே பிழிந்துவிடுகின்றன.

அப்படியானால் இந்தப் பாறையைத் தேய்த்தது எது? தண்ணீர்தான்! 2022 ஆகஸ்டு 5 அன்று காலையில் இங்கே 37 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சில மணி நேரத்திற்குள் பெய்துவிட்டது. மரமும் மண்ணும் இல்லாத வெற்றுப் பாறைச் சரிவில் நீர் ஊறுவதற்கு இடமில்லை. அத்தனையும் இடுக்குகளில் பாய்ந்து, வண்டிகளைச் சரளையில் புதைத்து, சாலைகளை உடைத்து, சுமார் ஆயிரம் பேரை வெளியேற வழியின்றி நிறுத்திவிட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஓடும் நீர் ஒரு கல்லின் மீது செலுத்தும் விசை, திசைவேகத்தின் இருபடிக்கும் கல்லின் முகப்புப் பரப்பிற்கும் நேர்விகிதத்தில் இருக்கும். கல்லின் பக்க நீளம் a என்றால், பரப்பு a இருபடி. கல்லை அசையவிடாமல் பிடித்திருக்கும் எடையோ a முப்படி. இரண்டையும் சமன் செய்தால், நீரால் நகர்த்த முடிந்த கல்லின் நீளம் திசைவேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்று கிடைக்கிறது. ஆகவே அதன் எடை திசைவேகத்தின் ஆறாம்படியைப் பொறுத்தது! வேகம் இரு மடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல் உருளும். ஒரு கிலோ கல்லைத் தள்ளிய நீர் 64 கிலோ பாறையைத் தள்ளும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது விடை தவறோ என்று நான் மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

சுவர்களைத் தேய்ப்பவை இக்கற்களே. மொசைக் கேன்யனில் டோலமைட் என்னும் சுண்ணாம்பினப் பாறை, பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சலவைக்கல்லாக மாறியிருக்கிறது. அதனால் நன்றாக மெருகேறும். இடுக்கின் வாய்க்கு வெளியே வெள்ளம் பரந்து வேகம் குறைகிறது. பெருங்கற்கள் வாயிலருகே விழ, நுண்மணல் தொலைவு சென்று படிகிறது. இந்த விசிறி வடிவச் சரிவின் மீது ஏறித்தான் எந்த இடுக்கிற்குள்ளும் நுழைய வேண்டும்.

அதே பாலையில் டார்வின் அருவி ஆண்டு முழுவதும் விழுகிறது என்றால் நம்புவீர்களா? அங்கே நிலத்தடி நீர் மேலே வந்து ஓடையாகிறது. மரமும் செடியும் அடர்ந்த பச்சை நிழல், தவளைகள் கூட உண்டு! குடிநீருக்குப் பயன்படுவதால் அதில் குளிக்கத் தடை.

ஆனால் எல்லா இடுக்கிலும் ஊற்று இருப்பதில்லை. நடப்பவர் தமக்குரிய நீரைச் சுமந்தாக வேண்டும். எவ்வளவு? மேட்டில் விரைந்து நடக்கும் உடல் 400 வாட் அளவில் வெப்பத்தை உண்டாக்கும். ஒரு மணியில் அது 14 லட்சம் ஜூலுக்கும் மேல். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வேண்டும். எனவே மணிக்கு 0.6 லிட்டர் வியர்வை தேவை. காற்று உடலைவிடச் சூடாக இருந்தால் அதுவும் உடலுக்குள் வெப்பத்தைச் செலுத்தும், வெயில் வேறு. ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். கடற்கரை ஊர்களில் வியர்வை வழிவது தெரியும். இங்கோ தோலுக்கு வந்த உடனே உலர்ந்துவிடும், சட்டை நனையாது. நீர் இழப்பதே தெரியாது. அதுதான் ஆபத்து.

இங்கே 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. கோடையில் தாழ்ந்த இடங்களில் காலை 10 மணிக்குப் பின் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. 2023 ஜூலையில் ஒரு நாள், 49 டிகிரி வெப்பத்தில், கோல்டன் கேன்யன் பாதையின் தொடக்கத்தில் 71 வயது முதியவர் ஒருவர் விழுந்து இறந்தார். மருத்துவ ஹெலிகாப்டரை அழைத்தார்கள். வெப்பம் மிகுதியால் அதனால் வர இயலவில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் சுழலும் இறக்கைக்குத் தாங்குவிசை குறையும். 15 டிகிரியில் உள்ள காற்றை 49 டிகிரிக்குச் சூடாக்கினால், அழுத்தம் மாறாதபோது அடர்த்தி எவ்வளவு குறையும்? இரண்டு வெப்பநிலைகளையும் கெல்வினுக்கு மாற்றி, 288ஐ 322ஆல் வகுத்துப் பாருங்கள்.